இரண்டாவது படம்

எனக்கு நாக்கில் புற்றுநோய் வந்துவிட்டது, போனால் அடுத்த பொங்கல் வரைக்கும்தான் என்று முழுதாக நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை, ஏற்பாட்டோடு நம்பினேன். என் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு நானே என்னைப் படம் எடுத்துவைத்தேன். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன் செத்துப்போய், அவன் முகத்தை ஆதார் அட்டையிலிருந்து வெட்டி ஒட்டினார்கள் என்றால் தொழிலுக்கே கேவலம் அல்லவா? ஆளை எடுப்பாகக் காட்டுகிற லென்ஸ், ஜன்னல் பக்கத்து வெளிச்சம், லேசான புன்னகை. ரொம்பச் சிரித்தால் செத்தவனுக்குப் பொருந்தாது என்று திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியில் ஒன்றைப் பொறுக்கினேன். கன்னத்து மருவையும் அழித்தேன். கம்ப்யூட்டரில் அதைப் பார்த்த என் மனைவி இது எதற்கு என்று கேட்டாள். சும்மா, ஃபேஸ்புக்கில் போட என்றேன்.

"அதுக்கு ஏன் கீழ இவ்வளவு எடம் விட்டுருக்கிய? தேதி போடவா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இத்தனை கூத்துக்கும் காரணம் ஒரு பல் டாக்டர். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பாருங்கள், என் சாவிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். அவர் விஷயத்தில் நான் செய்ததும் இதேதான்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு வள்ளம் இருந்தது என்று ஒரு தடவை சொன்னார், அதற்கு மேல் சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மார்க்கெட் ரோட்டில் மாடியில் கிளினிக், பின்பக்கத்து அறைகளில் வீடு, உதவிக்கு ஓர் அக்கா. நரைத்த முடியை இழுத்து முடிந்து, வெளிர்நிறப் பருத்திச் சேலைதான் கட்டுவார். ஒரு நாள் என் ஸ்டூடியோப் படியேறி வந்து, பல்லைப் படம் எடுக்க வேண்டும், எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டார்.

"நம்ம ஊர்ல கல்யாணத்துலயே எவனும் பல்லக் காட்ட மாட்டேங்கான் டாக்டர், ஒங்ககிட்ட மட்டும் காட்டுதானுவளா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. தபால்காரர் பையில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று நிற்கிற மாதிரி நின்றார். எனக்கு வேர்த்துவிட்டது. அவசரமாக இன்னொன்று சொன்னேன், அது முதலாவதைவிடச் சுமார். அதற்குத்தான் சிரித்தார், இரண்டுக்கும் சேர்த்து.

"ஒண்ண வச்சு ஆளப் பத்திச் சொல்ல முடியாதுல்லா அண்ணாச்சி. அதான் ரெண்டாவது வரட்டும்னு பாத்தேன்."

அவரைச் சுருக்கிச் சொன்னால் அவ்வளவுதான். இரண்டாவது வரட்டும். ஈறு வீங்கி வருகிறவரிடம் மருந்து கொடுத்து, ஒரு படம் எடுத்துவைத்து, இரண்டு வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். "ஒரு படம் ஒண்ணும் சொல்லாது அண்ணாச்சி, காட்டத்தான் செய்யும்" என்பார். அதுவரை கையிலிருந்த சின்ன கேமராவில் எடுத்த படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் பல் பெரிதாக இருந்தது, மறு நாள் சிறிதாக இருந்தது. அதற்குத்தான் லென்ஸ் தேடி வந்தார்.

கிளினிக்குக் கீழே டீக்கடையில் புது மாஸ்டர் வந்தபோது நாங்கள் இருவரும் அங்கே நின்றிருந்தோம். டீ, அண்டா கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று நான் சபதம் போட்டேன். அவர் மறுநாளும் அங்கேயே போய், அதே நேரத்தில், அதே டீயை வாங்கி, முழுக்கக் குடித்தார். பிறகு மாஸ்டரிடம், நேற்றைவிட இன்று மோசம், இனி வரமாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார். மாஸ்டருக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டு நாள் தன்னைக் கவனித்த ஒரே ஆள் என்று நினைத்திருப்பார்.

இன்னொரு தடவை, ஒரு மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் போட்டோவோடு கிளினிக்குக்கு வந்தார். பெண்ணுக்குப் பல் எடுப்பா இல்லையா, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் அங்கே பல் சொத்தையோடு உட்கார்ந்திருந்தேன். போட்டோவைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் எடுத்தது. டாக்டர் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல கோணலா இருக்கது பல்லு இல்ல, லைட்டு வச்ச ஆளு" என்றார். பிறகு, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பெண்ணை நேரில் போய்ப் பாருங்கள், பார்க்கும்போது பல்லைப் பார்க்காதீர்கள் என்று அனுப்பிவைத்தார். அந்தக் கல்யாணம் நடந்தது. ஆல்பம் வேறு ஸ்டூடியோ.

எனக்கு அவர் மேல் பிரியம் இருந்ததே தவிர, இந்தப் பொறுமை சில நேரம் எரிச்சல் மூட்டும். கன்னம் வீங்கி அலறுகிறவனையும் மருந்தோடு அனுப்பி, நாளைக்கு ஒரு தடவை பார்ப்போம் என்பார். ஆற்றுப் பாலம் இடிந்தாலும் இரண்டாவது தடவை இடியட்டும் என்று நிற்பீர்களா என்று கேட்டேன். "எங்க நின்னு பாக்கேங்கதப் பொறுத்து" என்றார்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து அவர் வந்ததும், நான் ஒரு பை நிறையச் சாமானோடு கிளினிக்குக்குப் போனேன். கொஞ்சம் என்னுடையது, மீதி மதுரைக் கடைக்காரரிடம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தது. முதலில் குறைந்த விலைச் சமாச்சாரம். சாதாரண லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற பூதக்கண்ணாடி, க்ளோஸ்-அப் ஃபில்டர் என்பார்கள். நடுப்பல் கணீரென்று தெரிந்தது, ஓரத்துப் பல்லெல்லாம் வெயிலில் வைத்த வெண்ணெய். "கடவாப்பல்லு எங்க போச்சு?" என்று கேட்டார். கழற்றினேன்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் ட்யூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற வெறும் வளையம், உள்ளே கண்ணாடியே கிடையாது. அவர் அதைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தார். காற்றை விற்கிறேனா என்று சந்தேகம். வேலை என்னவோ நன்றாகச் செய்தது. ஆனால் வெளிச்சத்தைத் தின்றது, அதோடு லென்ஸைப் பல்லுக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. நோயாளி மூச்சு விட்டால் கண்ணாடி முழுக்கப் பனி.

பிறகு அசல் மேக்ரோ லென்ஸ்கள், குட்டிப் பொருளைக் கிட்டப்போய் எடுப்பதற்கென்றே செய்தவை. அறுபது மில்லிமீட்டர் ஒன்று, நூறு மில்லிமீட்டர் ஒன்று. இரண்டும் பல்லை ஒரே அளவில்தான் காட்டும். வித்தியாசம், எடுக்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதில். அறுபதுக்கு மூஞ்சிக்கு நேரே போக வேண்டும், கேமராவின் நிழலே வாய்க்குள் விழும். நூறுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். ஊசியைப் பார்த்தே பாதி உயிர் போய்த்தான் வருகிறார்கள், இதையும் மூக்குக்கு நேரே நீட்டினால் மீதியும் போய்விடும் என்று நூறைத் தேர்ந்தெடுத்தார்.

வெளிச்சத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. வாய் என்பது குகை. கேமரா தலையில் இருக்கிற ஃபிளாஷ் மீசைக்குத்தான் வெளிச்சம் போடும். இரண்டு பக்கமும் சின்ன ஃபிளாஷ் வைத்தால் மேடு பள்ளமெல்லாம் சிற்பம் மாதிரி எழும்பி வரும், அதை வாங்குங்கள் என்றேன். லென்ஸின் வாயைச் சுற்றி வளையமாக மாட்டுகிற ரிங் ஃபிளாஷையும் காட்டினேன், தட்டையாக இருக்கும் என்று எச்சரித்து. அவர் வளையத்தை எடுத்துக்கொண்டார்.

"அழகா இருக்கண்டாம் அண்ணாச்சி. அடுத்த தடவையும் இதே மாதிரி விழணும், அவ்வளவுதான்."

அதோடு விட்டாரா? கட்டுப்போடுகிற பிளாஸ்திரியைக் கிழித்து, லென்ஸில் ஃபோகஸ் திருகும் வளையத்தை அசையாமல் ஒட்டிவிட்டார். அதைத் திருகினால் அளவு மாறிவிடும், அளவு மாறினால் ஒத்துப்பார்க்க முடியாது. அப்படியானால் எப்படி ஃபோகஸ் செய்வது என்றேன். பைய முன்னால் சாய்ந்து, பைய பின்னால் சாய்ந்து, தெளிவாகத் தெரிகிற இடத்தில் மூச்சைப் பிடித்து எடுக்க வேண்டுமாம். இத்தனை வருடம் விரலால் செய்த வேலையை அன்று இடுப்பால் செய்தேன். அக்கா எட்டிப்பார்த்து, அண்ணாச்சிக்கு அருள் வந்திருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த அக்காவுக்குக் கேமராவைத் தொட்டாலே கை நடுங்கும்.

பிளாஸ்டர் பல்செட்டில் எடுத்துப் பார்த்தோம். அதற்கு எச்சில் ஊறாது, மினுமினுப்பு தெரியாது, நிஜ வாய் வேண்டும் என்றார். நான் உட்கார்ந்தேன். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப்பிடிக்கிற பிளாஸ்டிக் கொக்கியை மாட்டி, நாக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நீட்டச் சொல்லி எடுத்தார். சட்டையெல்லாம் எச்சில். பிறகு, வெளிச்சம் நோயாளிக்கு எப்படிக் கூசும் என்று தெரிய வேண்டும் என்று தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, தானே கொக்கியை மாட்டிக்கொண்டார். அதே வரிசையில் நான் எடுத்தேன்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அந்த அளவில் வாய் யாருடையதும் இல்லை. மூக்கில்லை, மீசையில்லை, முகமில்லை. ஈரமான சிவப்பு, அவ்வளவுதான். நான் களக்காட்டுக் குகை, குற்றாலத்துப் பாறை என்று ஏதோ உளறிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒன்றில் நின்றார். நாக்கின் ஓரம். அந்த ஓரம் மட்டும்தான் தெளிவு, பின்னால் பல்லெல்லாம் மங்கல். ஓரத்தில் மெழுகு சொட்டிக் காய்ந்த மாதிரி ஒரு வெள்ளை. பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நான் ஒரு ஜோக் சொன்னேன். அவர் இரண்டாவதுக்காகக் காத்திருக்கவில்லை.

"இத மறுபடி எடுக்கணும் அண்ணாச்சி. ரெண்டு வாரம் போகட்டும். இதே லென்ஸு, இதே தூரம். நீங்கதான் வரணும். யார்ட்டயும் சொல்லண்டாம்."

கல்லூரி நாளிலிருந்து வெற்றிலையும் போயிலையும் போடுகிறவன் நான். இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டர் எப்படிச் சொல்வார்?

அன்றிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் டார்ச்சோடு நின்றேன். தன் நாக்கை டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா வியாதியும் தெரியும். போதாததற்கு, மொபைலில் மாட்டுகிற குட்டி மேக்ரோ லென்ஸ் ஒன்று ஸ்டூடியோவில் கிடந்தது. அதில் எடுத்தேன். நிலாவில் இறங்கின மாதிரி பள்ளமும் மேடும். அந்த லென்ஸில் ஒரு நூலளவுதான் தெளிவாக விழும், மற்றதெல்லாம் மங்கும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன், மங்கின இடமெல்லாம் நோய் என்று எண்ணிக்கொண்டேன். வெற்றிலைச் செல்லத்தைப் பரணில் போட்டேன். மச்சினனோடு பேசாமல் இருந்ததை முடித்துக்கொண்டேன். அவன் பயந்து போய், என்ன கேட்கப்போகிறேனோ என்று இரண்டு நாள் ஒளிந்துகொண்டான். ஓர் இரவு மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இவளுக்கு நான் செய்ததெல்லாம் என்ன என்று அழுகை வந்தது. அஞ்சலிப் படம் எடுத்தது அதற்கு மறுநாள்.

இரண்டு வாரத்தில் டாக்டர் கூப்பிட்டார். போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் என் தீர்ப்பு இருக்கிறது, பச்சைப் பொத்தானைத் தொட்டால் அது அமலுக்கு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. மறுபடி கூப்பிட்டார். மனைவியிடம் கொடுத்து, கூடங்குளத்தில் கல்யாண வேலை, வரமுடியாது என்று சொல்லச் சொன்னேன். வைகாசி முழுக்கக் கூடங்குளத்தில் கல்யாணம் நடந்தது. அக்கா ஒருநாள் ஸ்டூடியோவுக்கே வந்தார். நான் டார்க் ரூமுக்குள் போய் நின்றேன். அந்த அறைக்குத் துணி காயப்போடுவதைத் தவிர இந்தக் காலத்தில் வேறு உபயோகம் இல்லை. ஈரப் பனியன் முகத்தில் உரச, அக்கா என் மனைவியிடம், "டாக்டரம்மைக்கு அண்ணாச்சி ஒரு நிமிசம் வந்தாப் போதுமாம்" என்று சொல்வதைக் கேட்டேன். பாவம், என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

கடைசியில் என் டார்ச்சை மனைவி கண்டுபிடித்துவிட்டாள். விஷயத்தைக் கறந்து, மறுநாள் காலையில் பெரியாஸ்பத்திரி வரிசையில் என்னை நிறுத்தினாள். ஒரு சின்ன வயது டாக்டர் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, புரட்டிப் பார்த்து, ஒன்றுமே இல்லை, கறைதான், போயிலையை விடுங்கள் என்றார். எனக்குச் சந்தேகம். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். பார்த்தார். இல்லை.

அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தவனையெல்லாம் பார்த்துச் சிரித்தேன். ஒரு சீப்பு ரசகதலி வாங்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் மேசையில் ஆறின கஞ்சியை ஸ்பூனில் குடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கஞ்சியை ஒரு பக்கமாகவே ஒதுக்கி விழுங்கினார். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது நான் பழத்தை மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"கூடங்குளத்துல எல்லாரும் தாலி கட்டி முடிச்சாச்சா அண்ணாச்சி?"

"மன்னிக்கணும் டாக்டர். பயந்துட்டேன். இன்னைக்குப் பெரியாஸ்பத்திரில பாத்தாச்சு. என் நாக்குல ஒண்ணும் இல்லையாம்."

அவர் ஸ்பூனை வைத்தார். "ஒங்க நாக்குல என்ன?"

நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன். அந்த வெள்ளை என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய், அந்தப் படத்தைத் திறந்து, ஒன்று பின்னால் தள்ளினார். அதே வாய், முன்பல் தெரிகிற படம். வெள்ளை வெளேர் என்று வரிசைப் பல். என் வாயில் அப்படி ஒரு வெள்ளை பள்ளிக்கூடத்தோடு போனது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் பார்த்த நாளில் அவர் முழுதாகச் சிரித்தது அன்றுதான். கண்ணில் நீர் வர, ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தார். அஞ்சலிப் படத்தையும் சொன்னேன், இன்னும் சிரிக்கட்டும் என்று. அதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

சிரிப்பு அடங்கினதும் சொன்னார். அன்றைக்கே, தன் நாக்கில் உரசுகிற பல்லின் கூர்முனையைத் தானே ராவிவிட்டார். உரசலால் வந்த புண் என்றால் இரண்டு வாரத்தில் வாட வேண்டும். வாடியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். பயந்த அன்று பெரிதாகத் தெரிந்தது, பயப்படாத அன்று சிறிதாகத் தெரிந்தது. டார்ச்சோடு நின்றவன் நான் மட்டுமில்லை. அக்காவை எடுக்கச் சொன்னார். நடுக்கத்தில் வந்ததெல்லாம் மூக்கு. ஊரில் மற்ற பல் டாக்டர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், ஒரு படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் உட்கார மனம் வரவில்லை. அண்ணாச்சி வருவார், வரட்டும் என்று இருந்திருக்கிறார்.

"சரி, எடுப்போமா?" என்றார்.

பிளாஸ்திரி அப்படியே ஒட்டியிருந்தது. முன்னால் சாய்ந்தேன், பின்னால் சாய்ந்தேன். மூச்சைப் பிடிக்க முடியவில்லை. பல தடவை எடுத்து ஒன்று சரியாக விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். அளவு துல்லியமாக ஒத்தது, வெளிச்சமும் ஒத்தது. வெள்ளை ஒத்துப்போகவில்லை. பரவி, நடுவில் சிவந்து, விளிம்பு தடித்திருந்தது. எனக்கே தெரிந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, ரிங் ஃபிளாஷ் வாங்கினது சரிதான் என்றார்.

"நான் அன்னைக்கே வந்திருந்தா டாக்டர்?"

ஒரு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் யோசித்தார், நோயாளி கேட்ட கேள்விக்கு யோசிக்கிற மாதிரி.

"அது தெரியாது அண்ணாச்சி. அன்னைக்கு வந்திருந்தா எப்பிடி இருந்திருக்கும்னு ஒரு படம் நம்மகிட்ட இல்லையே. எதோட ஒத்துப் பாக்க?"

நடந்தது இவ்வளவுதான். படத்தில் இருந்தது என் நாக்கு இல்லை, அவருடையது. எடுத்தவன் நான். சித்திரையில் வரச் சொன்னார், நான் ஆனியில் போனேன். திருவனந்தபுரத்தில் அவருடைய நாக்கில் பாதியை எடுத்துவிட்டார்கள்.